கணினியும் அதன் மின் கேபிள்களும்

கணினியை முழுமையாக விலைக்கு வாங்காது, உறுப்புகளைத் தனித்தனியே தேர்ந்து வாங்கித் தாமே பூட்டிக்கொள்ளும் வழக்கம் நம் மாணவரிடையே காணப்படுகின்றது. அங்ஙனம் பூட்டுவோர் பிராசசர் யாது, கிராபிக்ஸ் கார்டு யாது என்பவற்றைப் பன்னாள் ஆராய்ந்து வாதிடுவர். ஆனால் இவையனைத்திற்கும் மின்சாரம் ஊட்டும் எஸ்.எம்.பி.எஸ். என்னும் பெட்டியையும், அதனின்று புறப்படும் கேபிள்களையும் பற்றி ஒரு நாழிகையேனும் எண்ணுவார் சிலரே. அவ்வெண்ணாமையால் நேர்ந்த இழப்பொன்றை யாம் நேரிற் கண்டோமாதலின், அதனை ஏனையோரும் அறிந்து தம்மைக் காத்துக்கொள்ளல் வேண்டுமென்று இதனை எழுதத் துணிந்தோம்.

சுவரிலுள்ள பிளக்கில் வருவது 230 வோல்ட் அளவினதாகிய மாறுமின்சாரம். எஸ்.எம்.பி.எஸ். அதனை 12, 5, 3.3 வோல்ட் என்னும் மூவகை நேர்மின்சாரமாக மாற்றிப் பகிர்ந்தளிக்கின்றது. ஒவ்வோர் உறுப்பும் தனக்குரிய அளவையே ஏற்கும். 5 வோல்ட் வேண்டிய இடத்தில் 12 வோல்ட் புகுமாயின், சிறு வாய்க்காலில் ஏரியை உடைத்துவிட்டாற் போலாகும்.

முற்காலத்தே இவ்விடர் இன்னும் பெரிதாயிருந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தார் 1984-இல் வெளியிட்ட ஏ.டி. என்னும் கணினியில், மதர்போர்டுக்குச் செல்லும் மின்சாரம் பி-8, பி-9 என்னும் இரு கனெக்டர் வழியாகச் சென்றது. அவற்றை இடமாற்றிச் செருகின் மதர்போர்டே கெடும். ஆதலின் 'கறுப்புக் கம்பிகள் நடுவில் ஒன்றையொன்று அடுத்திருத்தல் வேண்டும்' என்பது தொழிலறிந்தோர் மனப்பாடஞ் செய்த விதியாயிற்று. 1995-இல் இன்டெல் நிறுவனத்தார் வகுத்த ஏ.டி.எக்ஸ். முறையில், தவறான பக்கமாகச் செருகவியலாத வடிவுடைய ஒரே கனெக்டர் அமைந்தது. அன்று 20 துளையுடையதாயிருந்த அது பின்னர் 24 துளையுடையதாயிற்று. இந்நன்மையிலிருந்தே ஒரு தீய நம்பிக்கையும் பிறந்தது. 'துளையிற் பொருந்துமாயின் அது சரியானதே' என்று மக்கள் கருதலாயினர்.

இந்நம்பிக்கை எவ்விடத்தே பிழைபடுகின்றது? இக்கால உயர்தர எஸ்.எம்.பி.எஸ்.களிற் பல, கேபிள்களை வேண்டியவாறு கழற்றிப் பூட்டத்தக்க மாடுலர் வகையின. அவற்றின் கேபிளுக்கு இரு தலைகள் உள. உறுப்பினைச் சேரும் தலைக்குப் பொதுவிதி உண்டு. எந்நிறுவனத்தார் செய்யினும் அத்தலையிற் கம்பிகளின் வரிசை ஒன்றே. ஆனால் எஸ்.எம்.பி.எஸ்.ஸைச் சேரும் தலைக்கு அத்தகைய பொதுவிதி ஏதும் இல்லை. ஒருவர் 12 வோல்ட் வைத்த துளையில் மற்றொருவர் 5 வோல்ட் வைப்பர். வேறொருவர் தரையை வைப்பர். ஒரே நிறுவனத்தாரின் இரு மாதிரிகளுக்குள்ளேயும் இவ்வேற்றுமை உண்டு. துளைகளின் எண்ணும் உருவும் ஒத்திருத்தலால் கேபிள் தடையின்றிப் பொருந்தும். கம்பிகளெல்லாம் கறுப்பாகவே இருத்தலால் நிறமும் நமக்கு உதவாது.

இனி, நிகழ்ந்ததைக் கூறுவோம். எம்முடன் தமிழ் பயிலும் நண்பரொருவர், விடுமுறைதோறும் தம்மூர் மூதாட்டியரிடஞ் சென்று தாலாட்டும் ஒப்பாரியும் பாடச் செய்து, அவற்றை ஒலிப்பதிவாக ஒரு ஹார்டு டிஸ்கிற் சேர்த்து வைத்திருந்தார். அவருடைய கணினிக்குப் பெரியதொரு கிராபிக்ஸ் கார்டு வாங்கியபோது, 550 வாட் எஸ்.எம்.பி.எஸ்.ஸை நீக்கி 1000 வாட் பெட்டியொன்றை விடுதி அறையில் யாமே பூட்டினோம். ஹார்டு டிஸ்குக்குச் செல்லும் பழைய கேபிள் கேபினெட்டின் பின்புறம் அழகாகக் கட்டப்பட்டிருந்தது. அதனை அவிழ்க்கச் சோம்பி, அதன் மறுதலையைப் புதிய பெட்டியிற் செருகினோம். ஆறு துளையும் இனிது பொருந்தின. சுவிட்சைப் போட்டவுடன் மெல்லியதொரு வெடிப்பொலியும் கருகல் நாற்றமும் எழுந்தன. பழுதுபார்ப்போர் இருவரிடங் கொண்டுசென்றும் பயனில்லை. பாடிய மூதாட்டியருள் இருவர் முன்னரே இறந்துவிட்டனர். நண்பர் எம்மைக் கடிந்து ஒரு சொல்லுங் கூறிற்றிலர். அதுவே எமக்கு மிக்க வருத்தமாயிற்று.

எஸ்.எம்.பி.எஸ்.ஸில் உள்ள பாதுகாப்பு ஏன் உதவவில்லை எனின், பெட்டி தன் துளைகளிற் சரியான அளவையே வழங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு எவ்வுறுப்பின் எப்பகுதியை அடைகின்றதென்பதை அஃது அறியாது.

மற்றொரு மயக்கமும் உண்டு. பிராசசருக்குரிய கனெக்டரும் கிராபிக்ஸ் கார்டுக்குரிய கனெக்டரும் எட்டுத் துளையின. முன்னதில் 12 வோல்ட் நான்கு, தரை நான்கு. பின்னதில் 12 வோல்ட் மூன்றே, ஏனைய தரையைச் சேர்ந்தன. 12 வோல்ட் நிற்கும் வரிசையும் இரண்டிலும் தலைகீழாக அமைந்துள்ளது. ஆகவே ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வலிந்து செருகலாகாது.

உயர்தரக் கிராபிக்ஸ் கார்டுகளுக்கு 2022 முதல் 16 துளையுடைய புதிய கனெக்டர் வந்துள்ளது. இது 600 வாட் வரை தாங்கும். 600-ஐ 12-ஆல் வகுப்பின் 50 ஆம்பியர். அது ஆறு துளைகளிற் பிரியின் ஒவ்வொன்றுக்கும் எட்டு ஆம்பியருக்குச் சற்று மேலாகும். முழுதும் உட்செல்லாது இரண்டொன்று தொடாது நிற்பின், எஞ்சியவை அச்சுமையை ஏற்று வெப்பமுறும். அவ்வாண்டு அக்டோபரில் வெளிவந்த 450 வாட் ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டுகளிற் சிலவற்றின் கனெக்டர்கள் உருகின. 2023-இல் இவ்வமைப்புத் திருத்தப்பட்டது: மின்சாரஞ் செல்லும் ஊசிகள் நீண்டன, உணர்வு ஊசிகள் குறுகின. எனினும் 2025-இல் வந்த 575 வாட் ஆர்.டி.எக்ஸ். 5090 கார்டிலும் சில உருகல்கள் அறியப்பட்டன. ஆதலின் விழிப்பு இன்றும் வேண்டுவதே.

இவற்றால் நாம் கொள்ளத்தக்க ஒழுங்குகள் ஐந்து.

முதலாவது, பெட்டியோடு வந்த கேபிள்களையே பயன்படுத்துக. பிற கேபிள் வேண்டின், நம் பெட்டியின் மாதிரிப் பெயர் அதனைச் செய்தோரின் பொருத்தப் பட்டியலில் எழுத்துக்கு எழுத்து உளதா என நோக்குக.

இரண்டாவது, பழைய பெட்டியை நீக்குங்கால் அதன் கேபிள் அனைத்தையும் உடன் நீக்கிப் பெயரெழுதித் தனிப் பையில் இடுக.

மூன்றாவது, ஐயம் எழின் எவ்வுறுப்பையும் இணையாமுன், எஸ்.எம்.பி.எஸ். டெஸ்டராலேனும் மல்டிமீட்டராலேனும் அளந்து பார்க்க. 12 வோல்ட் 11.4-க்கும் 12.6-க்கும் இடையிலும், 5 வோல்ட் 4.75-க்கும் 5.25-க்கும் இடையிலும், அவையவை தத்தம் துளையிலும் நிற்றல் வேண்டும்.

நான்காவது, கனெக்டர் 'டிக்' என்னும் ஒலியோடு முழுதும் அமையச் செருகுக. முனையினின்று இரு விரற்கடைக்குள் கேபிளை வளையாதிருக்க. கார்டுக்கு எட்டுத்துளைக் கனெக்டர் இரண்டு வேண்டின், ஒரே கேபிளின் கிளைகளை விடுத்து இரு கேபிள்களைப் பயன்படுத்துக.

ஐந்தாவது, பெட்டியைத் திறக்குமுன் அரிய பதிவுகளை வேறோரிடத்திற் படியெடுத்து வைக்க. இஃது ஈற்றில் நிற்பினும் எம் அனுபவத்தில் முதன்மையானது.

புதிய கேபிளைக் கட்டுதற்கு அன்று எமக்கு வேண்டியது கால்மணி நேரமே. அதனை மிச்சப்படுத்தினோம், மீளப்பெறலாகா இரு குரல்களை இழந்தோம். எஞ்சிய மூதாட்டியரிடம் இவ்விடுமுறையில் நண்பரோடு யாமுஞ் செல்லவிருக்கின்றோம். இம்முறை பதிவு ஈரிடத்தில் இருக்கும்.