மின் கிட்டாரும் பெடல் வரிசையும்

மின் கிட்டார் என்றவுடன் "ஒரே இரைச்சல்!" என்று முகம் சுளிப்போர் பலர். சென்ற கிறிஸ்துமஸ் கீத மாலையில் எங்கள் பாடகர் குழுவின் கிட்டாரும் அப்படித்தான் இரைந்தது. சிறுமியர் பாடிய சொற்கள் ஒன்றும் காதில் விழவில்லை. இரண்டாம் பாடலின் நடுவிலேயே சிஸ்டர் கையை உயர்த்தி அதை நிறுத்தச் சொன்னார்கள். எல்லாரும் கிட்டாரைக் குறை கூறினர். உண்மையில் குறை கிட்டாரில் இல்லை. தரையில் கிடந்த பெடல்கள் வரிசை மாறி இணைக்கப்பட்டிருந்தன. இணைத்தவள் நானே என்பதால் விளக்கம் கூறும் கடமையும் எனக்கு உண்டு.

மின் கிட்டாரின் தந்திகளுக்குக் கீழே, காந்தமும் மெல்லிய செப்புக் கம்பிச் சுருளும் கொண்ட 'பிக்கப்' இருக்கிறது. உருக்குத் தந்தி அதிரும்போது சுருளில் நுண்ணிய மின்னோட்டம் பிறக்கிறது. அது ஆம்ப்ளிஃபையரை அடையுமுன் அதன் தன்மையை மாற்றுபவையே காலால் இயக்கும் பெடல்கள். இவற்றை ஒரே பலகையில் பொருத்தினால் அது பெடல் பலகை. ஒவ்வொரு பெடலும் தனக்கு முன்னுள்ள பெடல் தந்ததை மட்டுமே அறியும். தாளிக்கும்போது கறிவேப்பிலையைக் கருக்கிவிட்டுப் பிறகு கடுகைப் போடுகிறோமா? பொருள்கள் அவையே ஆயினும் வரிசை மாறினால் சுவை கெடுகிறதன்றோ!

'ஃபஸ்' என்னும் கரகரத்த ஒலி பிறந்த கதை சுவையானது. 1961-இல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸின் ஒரு பாடல், அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் பதிவானது. அப்போது ஒலிப்பதிவுக் கருவியின் ஒரு பகுதி பழுதாகி, பேஸ் கிட்டாரின் ஒலி சிதைந்துவிட்டது. அதை நீக்காமல் அப்படியே வெளியிட்டனர். அந்தச் சிதைவை வேண்டுமென்றே உண்டாக்கும் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெடல் 1962-இல் விற்பனைக்கு வந்தது. பழுதையே விலை கொடுத்து வாங்கினார்கள்!

பொதுவாக முதலில் சுருதி காட்டும் ட்யூனர், அடுத்து 'வா-வா', பின்னர் ஃபஸ் அல்லது ஓவர்டிரைவ், அதன்பின் கோரஸ் போன்றவை, இறுதியில் எக்கோவும் ரிவெர்பும் வரும். 1969-இல் வுட்ஸ்டாக் விழாவில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வா-வா, ஃபஸ், யூனி-வைப் ஆகிய மூன்றையும் கொண்டே வாசித்தார். முப்பது பெடல் அடுக்குவோர் இதை எண்ணிப் பார்க்கலாம்.

நான் செய்த பிழை, எக்கோவை ஃபஸ்ஸுக்கு முன்னே வைத்தது. எதிரொலி என்பது படிப்படியாகத் தேய வேண்டும். ஃபஸ்ஸோ மெல்லிய ஒலியையும் உரத்த ஒலியையும் ஏறக்குறைய ஒரே அளவாக்கிவிடும். ஆகவே தேய வேண்டிய பழைய சுரங்கள் தேயாமல் நின்று, புதிய சுரங்களோடு கலந்து சேறாயின. ஃபஸ் முன்னே, எக்கோ பின்னே என்றால், கரகரத்த சுரம் ஒன்று தெளிவாக ஒலித்து, பிறகு தூரத்தே தேய்ந்து மறையும். அந்தச் சேற்றையே விரும்பித் தேடும் கலைஞர்களும் உண்டு. ஆனால் கோவிலில் பாட்டின் சொல் கேட்க வேண்டுமே!

மின்சாரத்திலும் கவனம் தேவை. பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட் நேர்மின்னோட்டம் போதும். பலவற்றில் பிளக்கின் நடுமுனை எதிர்மின் முனையாகும். மாற்றிச் செருகினால் பெடல் பழுதாகலாம். ஒரே அடாப்டரை எல்லாவற்றுக்கும் பகிர்ந்தால் சில வேளை 'உம்' என்ற முனகல் எழும். தனித்தனி மின்வழிகள் அதைத் தவிர்க்கும். கேபிள் நீளமானால் உச்ச ஒலிகள் மங்கும். ஆதலால் குட்டையான இணைப்புகளே நல்லவை.

ஈஸ்டருக்கு முன் வரிசையை மாற்றி, சிற்றாலயத்தில் சிஸ்டருக்கு வாசித்துக் காட்டினோம். ட்யூனர், கோரஸ், எக்கோ மூன்றுக்கும் அனுமதி கிடைத்தது. ஃபஸ் பெடல் மட்டும் இன்னும் அவர்களின் மேசை இழுப்பறையில் இருக்கிறது.