மீனுக்கு முன்னால் தீனி

அன்பு மகள் யாழினிக்கு,

மாண்டரின் மீன் வாங்கப் போகிறாய் என்று உன் அப்பா சொன்னான். அழகான மீன்தான், ஆனால் குருணைத் தீனியைப் பெரும்பாலும் சீண்டாது. பகல் முழுக்கக் கல்லைக் கொத்திக் கோபிபாட் என்கிற பொடிப் பூச்சியைத் தின்னும் ஜாதி அது. சின்னத் தொட்டியில் இருக்கிற பூச்சியைத் தின்று தீர்த்துவிட்டு, வயிறு ஒட்டிச் சாகும். அதனால் மீனைக் கொஞ்சம் தள்ளிப்போடு. முதலில் தீனியை வளர்.

ஆர்ட்டீமியா பொரித்துப் போட்டால் போதாதா என்று கேட்பாய். மீன் தின்னும்தான். ஆனால் டிஹெச்ஏ என்கிற கொழுப்பு அதில் அநேகமாக இல்லை. நல்ல பாசி தின்ற கோபிபாடில் அது நிறைய.

கோபிபாட் வளர்க்க ஐந்து லிட்டர் ஜாடி இரண்டு போதும். உன் தொட்டியில் இருக்கிற அதே உப்பு அளவில் புதுத் தண்ணீர் கலந்து ஊற்றி, கோபிபாட் விதையை விடு. ஏர் ஸ்டோன் வேண்டாம். வெறும் குழாயில் நொடிக்கு ஒன்றிரண்டு குமிழி வந்தால் சரி. தண்ணீர் வற்றினால் நல்ல தண்ணீர்தான் சேர்க்க வேண்டும். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயேதான் நிற்கும்.

சாப்பாட்டில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். பாசித் தண்ணீரை இளம்பச்சை தட்டுகிற அளவுக்கு ஊற்று. அது தெளிந்த பிறகுதான் அடுத்த வேளை. பச்சை அப்படியே நிற்கும்போது மேலும் ஊற்றினால் அடியில் அழுகி அம்மோனியா ஏறும், ஒரே ராத்திரியில் ஜாடி காலி. இரவில் செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார். வெள்ளைப் புள்ளிகள் வெட்டி வெட்டி ஓடும்; சிலதின் வால்பக்கம் முட்டைப் பை தொங்கும். அது கண்ணில் பட்டால் பயமில்லை.

கொசுவத்தி, லிக்விட், ஸ்பிரே எதுவும் அந்த அறையில் கூடாது. கொசுவைக் கொல்லும் மருந்து கோபிபாடையும் கொல்லும், இரண்டுமே கணுக்காலிதானே. மீனுக்குப் போடுகிற செம்பு மருந்தும் அப்படித்தான். ரோட்டிஃபர் என்கிற இன்னொரு நுண்ணுயிரை வளர்ப்பவரிடம் வலை இரவல் வாங்காதே; ஒரு சொட்டில் ஒட்டி வந்தால்கூடப் பெருகி, இதன் பாசியையெல்லாம் தின்றுவிடும்.

தண்ணீர்ப் பூச்சியை வீட்டில் வளர்ப்பதா என்று அப்பத்தா முணுமுணுக்கிறாளாம். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நரம்புச் சிலந்தி நோயைப் பரப்பிய சைக்ளாப்ஸும் கோபிபாட்தான். குடிநீரைத் துணியில் வடிகட்டச் சொல்லிச் சொல்லித்தான் அந்த நோயை விரட்டினார்கள். 2000-இல் இந்தியா அதிலிருந்து விடுபட்டதாக அறிவித்தார்கள். அது நன்னீர்ப் பூச்சி, உன் ஜாடியில் இருப்பது உப்புத் தண்ணீர், அதை யாரும் குடிக்கப் போவதில்லை என்று எடுத்துச் சொல்.

மூன்று நான்கு வாரம் அறுவடைக்குக் கை நீட்டாதே. பிறகு வாரம் கால்வாசித் தண்ணீரை 50 மைக்ரான் வலையில் வடித்துத் தொட்டியில் விடு. ஒரு ஜாடியில் எடுக்கும்போது மற்றதைத் தொடாதே. ஒன்று செத்தாலும் மற்றதிலிருந்து விதை எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் நாலைந்து மாதம் தடுமாறாமல் ஓடினால் சொல், கொளத்தூர் மீன் கடைகளுக்கு நானே கூட வந்து பார்த்துத் தருகிறேன். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது ஒரு பாட்டிலில் கொஞ்சம் எடுத்து வா, என் தொட்டிக்கும் வேண்டும். பாட்டிலை முட்ட நிரப்பாதே, மேலே காற்றுக்கு இடம் விடு.

அன்புடன்,
பெரியப்பா