நாய்க்குப் பின்னங்கால் விழுந்துவிட்டால்

எங்கள் வீட்டு டாஷ்ஹண்ட் புச்சுவுக்கு ஐந்து வயதில் பின்னங்கால்கள் விழுந்துவிட்டன. முதலில் சோபாவில் ஏற மறுத்தாள், தூக்கினால் கத்தினாள். மறுநாள் இடுப்புக்குக் கீழே தரையில் தேய்த்துக்கொண்டு வந்தாள். “வாதம் வந்துடுச்சு, ஊசி போட்டு அனுப்பிடுங்க” என்றார்கள் அக்கம்பக்கத்தில். உண்மையில், டிஸ்க் பிதுங்கித் தண்டுவடத்தை நசுக்கியிருந்தது. டாஷ்ஹண்டுக்குக் குட்டைக்காலைத் தரும் மரபணுவே முதுகு டிஸ்க்குகளையும் சின்ன வயதிலேயே கெட்டியாக்கிவிடுகிறது. ஏறக்குறைய ஐந்தில் ஒரு டாஷ்ஹண்டுக்கு வாழ்நாளில் இந்தத் தொல்லை வருகிறது.

புச்சு தேறியதிலிருந்து, கால் விழுந்த நாயோடு தவிப்பவர்கள் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வது இவைதான்.

முதலில், நடக்கவைத்துப் பார்க்காதீர்கள். முதுகு வளையாமல் பலகையிலோ இறுக்கிப் பிடித்த போர்வையிலோ கிடத்தி, அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நமக்கு வாங்கிவைத்த டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது. நாயின் வயிற்றில் புண் உண்டாகும், சிறுநீரகம் கெடும். ஏற்கெனவே வேறு இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அதன்மேல் வலி மருந்தும் சேர்ந்தால் குடலில் ரத்தக்கசிவு வரலாம்.

மருத்துவர் கால் விரலை இடுக்கியால் அழுத்திப் பார்ப்பார். கால் வெடுக்கென்று உள்ளே போகும். உடனே “உணர்ச்சி இருக்கு” என்று நாம் மகிழ்ந்துவிடுகிறோம். அது தண்டுவடம் தானாகச் செய்கிற வேலை, மூளைக்குச் சேதி போனதற்கு அடையாளம் அல்ல. நாய் திரும்பிப் பார்க்க வேண்டும், முனக வேண்டும், கடிக்க வர வேண்டும். அப்படிச் செய்தால், கால் துளியும் அசையாவிட்டாலும் டிஸ்க் அறுவை சிகிச்சைக்குப் பின் பெரும்பாலான நாய்கள் நடந்துவிடுகின்றன. வலியே தெரியவில்லை என்றால் வாய்ப்பு ஏறக்குறைய பாதிதான், அதுவும் சீக்கிரம் அறுவை செய்தால். வண்டி மோதி முதுகெலும்பு முறிந்து வலியும் தெரியாத நாய்க்கு வாய்ப்பு மிக மிகக் குறைவு. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு தெரியும், தண்டுவடம் நசுங்கியது தெரியாது. அதற்கு எம்ஆர்ஐ அல்லது சிடி தேவை.

தள்ளாடியாவது நடக்கிற நாய்க்கு அறுவை இல்லாமலே குணமாகலாம். ஆனால் குறைந்தது நான்கு வாரம் கூண்டுக்குள் ஓய்வு வேண்டும். இதில் ஒரு சிக்கல்: மருந்தில் வலி குறைந்ததும் நாய் பழையபடி துள்ளப் பார்க்கும், டிஸ்க் மேலும் பிதுங்கும். ஆகவே வலி மருந்து கொடுக்கும் நாட்களில்தான் காவல் கூடுதலாக இருக்க வேண்டும்.

வீட்டில் நிஜமான வேலை மூத்திரப்பைதான். சொட்டுச் சொட்டாகப் போனால் தானாகப் போகிறது என்று நினைக்காதீர்கள், பை நிறைந்து வழிகிறது என்று அர்த்தம். தினம் மூன்று நான்கு முறை வயிற்றை அமுக்கி வெளியேற்ற வேண்டும். மருத்துவர் உங்கள் கைமேல் கை வைத்துக் காட்டும்வரை நீங்களாக முயலாதீர்கள். மூத்திரத்தில் நாற்றமோ ரத்தமோ கண்டால் தொற்றாக இருக்கலாம். நான்கு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவையுங்கள், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும்.

மருத்துவர் அனுமதித்தபின் ஒவ்வொரு மூட்டையும் மெல்ல மடக்கி நீட்டுங்கள், வேளைக்குப் பத்துப் பதினைந்து தடவை. வயிற்றுக்குக் கீழே துண்டு கொடுத்து நிற்கவையுங்கள். டைல்ஸில் வேண்டாம், பாய் விரித்துச் செய்யுங்கள். போன வரிசைக்கு நேர்மாறாகவே உணர்வு திரும்பும்: முதலில் வலி, பிறகு வால், கால் அசைவு, கடைசியாகப் பாதத்தைச் சரியாக ஊன்றும் புத்தி. பாதம் மடங்கித் தேய்கிற காலத்தில் சாக்ஸ் மாட்டிவிடுங்கள்.

பைக் மோதி ஒரு முன்னங்கால் மட்டும் தொங்குகிற தெருநாயின் கதை வேறு. அங்கே தோள்பட்டைக்குள் நரம்புகள் இழுபட்டிருக்கும். இழுபட்ட நரம்பு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில் வளரும், மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும். அதே பக்கத்து இமை தொங்கி, கண்மணி சுருங்கியிருந்தால் நரம்பு வேரோடு பிய்ந்திருக்கக்கூடும். அது மீள்வது அரிது.

ஒரு எச்சரிக்கை. தடுப்பூசி விவரம் தெரியாத நாய், அடிபட்ட சுவடு இல்லாமல் காலை இழுத்துக்கொண்டு, தாடை தொங்கி, எச்சில் வடித்தால் ரேபிஸாக இருக்கலாம். தண்ணீர் ஊற்றவோ வாயைத் திறந்து பார்க்கவோ கூடாது. தள்ளி நின்று விலங்கு மீட்பவர்களை அழையுங்கள்.

நடை திரும்பாத நாயும் சக்கர வண்டியில் ஓடி, சாப்பிட்டு, வாலாட்டி வாழ்கிறது. பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் உண்டா என்பதே கேள்வி. விரலை அழுத்திப் பார்க்கும் அந்தச் சோதனை முடியுமுன் யார் சொன்னாலும் “ஊசி போட்டுடலாம்” என்பதற்குத் தலையாட்டாதீர்கள். சோதனையை நாளைக்கு என்று தள்ளவும் வேண்டாம்.