மஞ்சளும் குடல் அழற்சி நோயும்



பாலக்கோடு வட்டாரத்தில் தக்காளி, மா, கரும்பு ஆகியவற்றுடன் மஞ்சளும் பயிராகிறது. வயிற்றுக் கோளாறு என்றால் நம் வீடுகளில் கை முதலில் அஞ்சறைப் பெட்டிக்குத்தான் போகும். மஞ்சள் குடல் புண்ணை ஆற்றும் என்று கேள்விப்பட்டு, மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தலாமா என்று வினவுவோரும் உண்டு. இதற்கு விடை காண்போம்.

நோயின் தன்மை

பெருங்குடலின் உட்சுவர் அழற்சியுற்றுப் புண்ணாவதைப் பெருங்குடல் புண் அழற்சி என்பர். சளியும் இரத்தமும் கலந்த பேதி, வயிற்று வலி, உடல் இளைப்பு, இரத்தசோகை ஆகியவை இதன் அறிகுறிகள். நோய் சில காலம் தணிந்திருந்து மீண்டும் தலைதூக்கும். மூலம் அல்லது சீதபேதி என்று எண்ணி நாள் கடத்துவது ஆபத்து. பல ஆண்டுகள் நீடித்தால் பெருங்குடலில் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு கூடுகிறது.

மஞ்சளின் பங்கு

மஞ்சளுக்கு நிறம் தரும் பொருள் குர்குமின். அழற்சியைத் தூண்டும் பொருள்கள் உடலில் உருவாவதை இது குறைக்கிறது. இது இரத்தத்தில் மிகக் குறைவாகவே சேரும். பெரும்பகுதி குடலிலேயே தங்கும். குடல் நோய்க்கு இதுவே சாதகம்.

ஜப்பானில் நடந்த சோதனை 2006-இல் வெளியாயிற்று. நோய் தணிந்திருந்தவர்களுக்கு வழக்கமான மாத்திரையுடன் தினம் 2 கிராம் குர்குமின் 6 மாதம் கொடுத்தனர். 43 பேரில் 2 பேருக்கே நோய் திரும்பியது. குர்குமின் பெறாமல் மாத்திரை மட்டும் உண்டவர்களில் 39 பேருக்கு 8 பேர் வீதம் நோய் திரும்பியது. நம் நாட்டில் நடந்து 2017-இல் வெளியான மற்றொரு சோதனையில் தினம் 450 மில்லிகிராம் மட்டுமே கொடுக்கப்பட்டது. அதில் பயன் காணப்படவில்லை. ஆகவே அளவு முக்கியம்.

கணக்குப் பார்ப்போம்

100 கிராம் உலர்ந்த மஞ்சளில் குர்குமின் பொதுவாக 3 முதல் 5 கிராம் வரை இருக்கும்; இது இரகத்துக்கு இரகம் மாறும். 2 கிராம் குர்குமின் பெறத் தினம் 40 முதல் 67 கிராம் மஞ்சள் தூள் உண்ண வேண்டும். குழம்பிலும் பாலிலும் சேர்ப்பது மருந்தின் அளவை எட்டாது. பிரித்தெடுத்த குர்குமினையும் தாமாக வாங்கி உண்ணக் கூடாது. சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டுள்ளது. பித்தப்பைக் கல் உள்ளோரும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போரும் மிகவும் கவனமாக இருக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. மலத்தில் இரத்தம் கண்டால் பாலக்கோடு அரசு மருத்துவமனையிலோ, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உடனே காட்டுங்கள்.

2. நோய் தணிந்தாலும் மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். சோதனையில் குர்குமின் மாத்திரைக்குத் துணையாகவே கொடுக்கப்பட்டது, மாற்றாக அன்று.

3. மஞ்சளை நல்ல தண்ணீரில் வேக வையுங்கள்; சாணக் கரைசல் வேண்டாம். மண் படாமல் தார்ப்பாயிலோ சிமெண்டுக் களத்திலோ நன்கு உலர்த்துங்கள். ஈரம் தங்கினால் பூசணம் பிடிக்கும்.

4. மெருகேற்றும்போது காரீயம் கலந்த மஞ்சள் சாயத்தைச் சேர்க்காதீர்கள். இது சட்டப்படி குற்றம். குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு.

இரகத் தேர்வு, பதப்படுத்துதல் பற்றிய ஐயங்களுக்குப் பாப்பாரப்பட்டி வேளாண்மை அறிவியல் நிலையத்தை அணுகலாம். நோய் பற்றிய ஐயங்களுக்கு மருத்துவரையே அணுகுங்கள்.