உயர்நிலைப் பள்ளிப் பருவத்தில் ஊர்மாற்றம்

பணிமாறுதல் ஆணை வந்ததும் வாடகை வீட்டைப் பற்றியே முதலில் பேசுகிறோம். ஒன்பதிலோ பத்திலோ பயிலும் பிள்ளை இருப்பின், பள்ளியை உறுதிசெய்த பின்னரே வீடு பார்த்தல் நன்று.

தமிழக அரசு 1968 முதல் இருமொழிக் கொள்கையைப் பின்பற்றுகிறது. கர்நாடகத்திலோ பள்ளிகளில் கன்னடம் கற்பித்தலைக் கட்டாயமாக்கும் சட்டம் 2015இல் இயற்றப்பட்டது. ஆகவே பெங்களூர் செல்வோர், தம் பிள்ளைக்குரிய மொழிப்பாடம் யாது, விலக்கு உண்டா என்பதைச் சேர்க்குமுன் கேட்டறிதல் வேண்டும்.

மத்திய வாரியப் பள்ளியே இதற்கு வழி என்பர் சிலர். அவ்வாரியம் ஒன்பதையும் பத்தையும் ஈராண்டுத் தொடர்பாடமாகக் கொள்கிறது; மேல்நிலை வகுப்புகளும் அவ்வாறே. மாநிலப் பாடத்தில் ஒன்பது முடித்தவர் அங்கே நேரே பத்தில் சேர்தல் அரிது. எனவே எட்டு முடிந்தோ பத்து முடிந்தோ பெயர்வதே தக்கது. இடையில் ஆணை வந்தால்? தந்தை முன்செல்ல, தாயும் பிள்ளையும் ஓராண்டு ஊரிலேயே தங்கிய குடும்பங்களை அறிவோம். இரு வீட்டுச் செலவு பெருஞ்சுமைதான். பிரிவு அதனினும் பெரிது. ஆயினும் பிள்ளை ஓராண்டை இழப்பதினும் அது தாங்கத்தக்கதென்றே கருதுகிறோம்.

மாற்றுச் சான்றிதழுடன் பிறப்பிடச் சான்றிதழையும் பெற்றுக்கொண்டு புறப்படுக. எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழகத்தில் பயின்றோர்க்குப் பொறியியல் கலந்தாய்வில் அது வேண்டுவதில்லை. வெளியே பயின்று திரும்புவோர்க்கு வேண்டும்.

இவ்வளவும் பேசும் நாம், பிள்ளையிடம் முடிவை அறிவிக்கிறோமேயன்றிக் கருத்தைக் கேட்பதில்லை. பதினான்கு வயதில் தோழரைப் பிரிந்து புதிய எழுத்தைக் கூட்டிப் படிக்கப் போவது அப்பிள்ளையே. ஆணை வந்த அன்றே சொல்லிவிடுவோம். கோடை விடுமுறையில் கன்னட அரிச்சுவடி ஒன்று வாங்கி, நாமும் உடனமர்ந்து கற்கலாம். பேருந்துப் பலகையைப் படிக்க நமக்கும் அது வேண்டுமே.