பச்சை விளக்கை எப்போது நம்பலாம்?

கேள்வி: மன்னார் நகரில் ஐந்து பேர் சேர்ந்து மென்பொருள் எழுதுகிறோம். பில்ட் உடைந்தால் எல்லோருக்கும் உடனே தெரிய யூஎஸ்பி விளக்கு ஒன்று வைக்க விரும்புகிறோம். எப்படி அமைப்பது?

பதில்: திங்எம் நிறுவனத்தின் பிளிங்க்(1) போன்ற சிறு விளக்கு போதும். ஒற்றைக் கட்டளையில் நிறம் மாறும். லினக்ஸில் சாதாரணப் பயனரும் அதை இயக்க, முதலில் யூடெவ் விதி ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்.

4ஜி ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் கணினியை, பில்ட் ஓடும் சர்வர் வெளியிலிருந்து அழைப்பது பெரும்பாலும் நடக்காது. உங்கள் கணினிதான் 20 விநாடிக்கு ஒருமுறை சர்வரைக் கேட்க வேண்டும். அந்த சர்வர் ஜெங்கின்ஸ் என்றால் கடைசியாக முடிந்த பில்டின் முடிவை மட்டும் கேளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பில்டைக் கேட்டால் முடிவு வெறுமையாக வரும். அதைத் தோல்வி என்று எண்ணிச் சிவப்பைப் போடும் ஸ்கிரிப்டுகள் உண்டு. கிட்ஹப் என்றால் டோக்கன் கட்டாயம் வேண்டும். டோக்கன் இல்லாமல் மணிக்கு 60 முறைதான் கேட்கலாம். நீங்களோ 180 முறை கேட்கிறீர்கள். அந்த டோக்கனுக்கு வாசிக்கும் அனுமதி மட்டும் கொடுங்கள்.

இனித்தான் முக்கியமான விஷயம். கரன்ட் போனால் ரவுட்டர் அணைந்துவிடும். லெப்டொப் பேட்டரியில் ஓடும். விளக்கு கடைசியாக வாங்கிய பச்சையிலேயே நிற்கும். அந்த நேரத்தில் சர்வரில் பில்ட் உடைந்தாலும் உங்களுக்குத் தெரியாது. 2022இன் நீண்ட மின்வெட்டுகளை அனுபவித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2015இல் மீண்டும் திறந்த தலைமன்னார் பாதை உட்பட, ரயில்வே சிக்னல்களுக்கு ஓர் அடிப்படை விதி உண்டு: பழுது வந்தால் சிவப்பு. உங்கள் விளக்கும் அப்படித்தான், செய்தி வராவிட்டால் பச்சையை விட்டு விலக வேண்டும்.

பிளிங்க்(1)இல் இதற்கென்றே சர்வர்டிக்கிள் என்ற வசதி இருக்கிறது. குறித்த நேரத்துக்குள் கணினி அதைத் தட்டாவிட்டால், விளக்கு தன் நினைவகத்தில் உள்ள ஒளிக்கோலத்தைத் தானே ஓட்டும். நேரத்தை 60 விநாடியாக வையுங்கள். ஊதா நிறத்தில் மினுக்கும் கோலம் ஒன்றைச் சேமித்துவிடுங்கள். சர்வரிடமிருந்து சரியான பதில் வந்த பிறகே ஸ்கிரிப்ட் தட்ட வேண்டும். பதில் வராமலும் தட்டினால் இந்தக் காவலால் பயனில்லை.

நிறங்களைக் குறைவாகவே வையுங்கள்: வெற்றிக்கு நிலையான பச்சை, பில்ட் தேறிச் சோதனைகள் தவறினால் மஞ்சள், தோல்விக்கு மினுக்கும் சிவப்பு. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களுக்கு மினுக்கம்தான் அடையாளம்.

கடற்காற்றின் உப்பு யூஎஸ்பி முனைகளை அரிக்கும். கடலைப் பார்த்த ஜன்னலோரத்தில் விளக்கை வைக்காதீர்கள். எல்லோர் கண்ணிலும் படும் இடத்துக்கு நீட்டிப்பு வயர் போடலாம். ஆனால் 5 மீட்டரைத் தாண்ட வேண்டாம்.

சிவப்பு வந்தால் கடைசியாகக் கோட் சேர்த்தவர் உடனே திருத்த வேண்டும், இல்லையேல் அதைத் திரும்பப் பெற வேண்டும் என்று ஐவரும் முன்பே பேசி முடிவெடுங்கள். இரண்டு நாள் சிவப்பிலேயே விட்டால் மூன்றாம் நாள் யாரும் அதைப் பார்க்கமாட்டார்கள்.

எல்லாம் முடிந்ததும் பச்சை எரியும்போது ரவுட்டரின் வயரைப் பிடுங்குங்கள். ஒன்றரை நிமிடத்துக்குள் ஊதா வராவிட்டால் அமைப்பு இன்னும் முடியவில்லை.