ரேடியோ, டெலிவிஷன் லைசென்ஸ் கட்டணமும் அதன் கெடுவும்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அடுத்த திருவண்ணாமலையில் சங்கக் கணக்கைப் பார்வையிடச் சென்றிருந்த சமயம், அங்கத்தினர் ஒருவர் காலஞ்சென்ற தம் தகப்பனாரின் பெட்டியிலிருந்து சிறு புத்தகமொன்றைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். அது பழைய ரேடியோ லைசென்ஸ் புத்தகம். வருஷா வருஷம் தபாலாபீஸில் ஒட்டிய கட்டணத் தலைகள் தேதி முத்திரையுடன் இருந்தன. ஒரு வருஷத்தின் இடம் மட்டும் வெறுமையாயிருந்தது. அவ்வெற்றிடமே அவரைக் கலங்கச் செய்தது. டெலிவிஷன் லைசென்ஸ் பாக்கியென்றும், அன்றைக்கே செலுத்தாவிடில் அபராதமென்றும் எவரோ டெலிபோனில் அவரை மிரட்டியிருந்தனர். பால் விற்ற பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டலாமா என்று கேட்டார். இவ்விஷயத்தை அங்கத்தினர் யாவரும் அறிந்திருத்தல் நலம்.

ரேடியோவுக்கு லைசென்ஸ் என்பது மெய்யாகவே இருந்ததொன்று. 1933 ஆம் வருஷத்து இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, பாட்டுக் கேட்பது குற்றமன்று. லைசென்ஸின்றிப் பெட்டியை வைத்திருப்பதே குற்றம். முதல் தடவைக்கு 100 ரூபாய் வரையிலும், மறுதடவைக்கு 250 ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்க அச்சட்டம் இடந்தந்தது. பெட்டி எவர் ஆதீனத்திலுள்ள இடத்தில் இருக்கிறதோ அவரே அதை வைத்திருப்பவரெனக் கோர்ட்டு அனுமானிக்கலாம். மைத்துனர் விட்டுச்சென்ற பெட்டியென்று சொல்லி எளிதில் தப்பிவிட முடியாது!

ஆரம்பத்தில் வருஷக் கட்டணம் 10 ரூபாய்; மாதத்திற்குப் பிரித்தால் 13 அணா 4 பைசா. பிற்பாடு அது 15 ரூபாயாயிற்று. 1975 ஆகஸ்டு 15 இல் சென்னையில் டெலிவிஷன் நிலையம் ஏற்பட்டது. டெலிவிஷனுக்கு 50 ரூபாய், அதாவது மாதம் சுமார் 4 ரூபாய் 17 காசு. மாதந்தோறும் ஒதுக்கிவைத்த குடும்பத்திற்கு இது பாரமன்று. அறுவடைக்குப் பின் பார்த்துக்கொள்ளலாமென்று இருந்தவர்களே கெடுவைத் தவறவிட்டு, கட்டணத்தோடு மேல்தொகையும் செலுத்தினர். லைசென்ஸ் இன்ஸ்பெக்டர் வீடு, கடைகளுக்கு வந்து சோதிப்பதும் உண்டு.

1980-களின் மத்தியில் இந்த லைசென்ஸ் முறை அடியோடு எடுக்கப்பட்டது. ஆகையால் இன்று நம் நாட்டில் வீட்டு ரேடியோவுக்கோ டெலிவிஷனுக்கோ லைசென்ஸ் கட்டணமே கிடையாது. அப்பெயரைச் சொல்லிப் பணம் கேட்பவன் மோசக்காரன். ஒரு காசும் கொடுக்கலாகாது. கொடுத்துவிட்டால் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்கு அறிவிக்க வேண்டும்.

கடல்கடந்து வாழும் பிள்ளைகளின் நிலை தேசத்திற்குத் தேசம் மாறும். சிங்கப்பூரில் வீட்டுக்கு வருஷம் 110 வெள்ளியாயிருந்த கட்டணம் 2011 இல் நீக்கப்பட்டது. இங்கிலாந்திலோ இன்னும் உண்டு: 2025 ஏப்ரலில் 174 பவுன் 50 பென்ஸ். லைசென்ஸின்றிப் பார்த்தால் 1,000 பவுன் வரை அபராதம் ஆகலாம். லண்டனிலிருந்து மகன் அவ்வாறு எழுதினால் அது பொய்யன்று.

இங்கே டெலிவிஷன் பற்றிக் கட்டவேண்டியவை வேறு. கேபிள்காரருக்கு மாதப் பணம். சொந்தத் தட்டு வைத்திருந்தால் அந்தக் கம்பெனிக்கு முன்பணம். தூர்தர்ஷனின் இலவசத் தட்டுக்கு மாதக் கட்டணம் இல்லை. மின்சாரக் கட்டணத்தை மட்டும், கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாளுக்குள் செலுத்திவிடுக. தவறினால் இணைப்பைத் துண்டிப்பார்கள், திரும்பக் கொடுக்கத் தனிக் கட்டணம். நமது சங்கப் பயிர்க்கடனிலும் கெடுவுக்குள் திருப்பியவருக்கே வட்டியில்லாச் சலுகை என்பதை அங்கத்தினர் அறிவார்கள். கடன் அட்டையின் பின்புறத்திலேயே மின்சாரக் கெடுவையும் குறித்துவைக்கும் ஒரு வீட்டை ராஜபாளையம் பக்கத்தில் கண்டேன், வீட்டம்மாளின் யோசனையாம்.

திருவண்ணாமலை அங்கத்தினரிடம் இவ்வளவையும் சொன்னேன். வெற்றிடமான அந்த வருஷத்திற்கு இன்று எவரும் பாக்கி கேட்க வரமாட்டார்களென்று உறுதிகூறிய பிறகே, பால் பணத்தை மடியில் முடிந்துகொண்டார். அன்று பிற்பகலே அதில் ஒரு பகுதி அவருடைய சேமிப்புக் கணக்கில் வரவாயிற்று.